அத்தியாயம் 6: சுவரை உடைக்கும் முன் தரையைத் தேர்ந்தெடுங்கள்

முப்பது நாற்பது ஆண்டுப் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. முதல் வாரம் உடைப்பு. வாசலில் இடிபாடு குவியக் குவிய, வேலை மளமளவென்று நடப்பதாகத் தோன்றும். அடுத்து சுவரில் காடி வெட்டி ஒயரும் குழாயும் போகும், பூச்சு நடக்கும். பிறகு ஒரு நாள் மேஸ்திரி கேட்பார்: "சார், டைல்ஸ் எடுத்துட்டீங்களா? நாளைக்கு ஆள் வருது." அன்று மாலையே குடும்பத்தோடு கடைக்கு ஓட்டம். கடையில் இருப்பு உள்ளதில் சுமாராகப் பிடித்த ஒன்றை எடுத்து வந்து ஒட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். கதவு தரையில் உரசுகிறது. குளியலறைத் தரை ஹாலைவிட உயர்ந்துவிட்டது. குழாயின் வாய் டைல்ஸுக்குள் புதைந்து நிற்கிறது.

இதில் கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது காலம் கடந்து தெரிந்தது, அவ்வளவுதான். புதுப்பிக்கும் வேலை மேலிருந்து கீழே இறங்குகிறது: முதலில் மொட்டைமாடி, அடுத்து உள்கூரை, பிறகு சுவர், கடைசியில் தரை. ஈர வேலை முன்னே, உலர்ந்த வேலை பின்னே. முடிவெடுப்பது இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்க வேண்டும். கடைசியில் கண்ணுக்குத் தெரியப்போகும் பொருளை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வர வேண்டும். இந்த அத்தியாயத்தின் சாரம் இதுதான்.

தரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மொசைக்கின் மேலேயே பசை தடவி விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டினால் தரைமட்டம் ஏறக்குறைய அரை அங்குலம் உயரும். பழையதைப் பெயர்த்துவிட்டுக் கலவை பரப்பி கிரானைட் பதிப்பதென்றால், இரண்டு முதல் இரண்டரை அங்குலம் வேண்டும். இந்த வேறுபாடு கதவின் அடியைத் தொடும், சமையல் மேடையின் உயரத்தைத் தொடும். மாடிப்படியில் முதல் படி மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாகி, இரவில் இறங்குபவரைத் தடுமாற வைக்கும். ஆகவே தரைப் பொருள் எது என்று முடிவாகாமல் கதவு நிலைக்கோ மேடைக்கோ யாரும் மட்டம் குறிக்க முடியாது.

உடைக்கும் முன் எழுதி முடிக்க வேண்டியவை

ஒரு நோட்டில் அறைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கடப்பாரை சுவரைத் தொடும் முன் கீழ்க்கண்டவை அதில் இருக்க வேண்டும்.

• தரைப் பொருள், அதன் கனம், முடிவான தரைமட்டம். ஹாலின் ஒரு சுவரில் ஒரு மட்டக்கோடு போட்டு, எல்லா அறைகளுக்கும் அதிலிருந்தே அளக்கச் சொல்லுங்கள்.

• குளியலறைச் சாமான்களின் மாடல். கழிவறைக் கோப்பையின் கழிவுத்துளை சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சுவருக்குள் புதைக்கும் ஷவர் டைவர்ட்டருக்கு எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதும் அப்படியே.

• சமையலறையில் அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், சிம்னி, தண்ணீர் சுத்திகரிப்பான் ஆகியவற்றின் இடம். பிளக் பாயின்ட் எங்கே என்று இவைதான் சொல்ல வேண்டும்.

• கட்டில், பீரோ, டிவி, பூஜை அலமாரி ஆகியவற்றின் இடம். பீரோவுக்குப் பின்னால் மறையும் சுவிட்சு பழைய வீடுகளில் சாதாரணம். புதுப்பித்த பின்னும் அது தொடர வேண்டியதில்லை.

• ஏ.சி., ஹீட்டர் எண்ணிக்கை. ஒயரின் கனம் இதைப் பொறுத்தது. விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ., சாதாரண பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் 4 என்பது வழக்கமான கணக்கு. மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் நல்ல எர்த்தும் இல்லாமல் குளியலறை ஹீட்டர் வேண்டாம்.

பட்டியல் நீளமாகத் தோன்றலாம். ஆனால் இவற்றில் எதையும் தவிர்க்க முடியாது. இன்று நிதானமாக முடிவு செய்யாததை, இரண்டு மாதம் கழித்து ஆட்கள் கூலிக்குக் காத்து நிற்கும்போது அவசரமாக முடிவு செய்ய வேண்டிவரும்.

ஓதம் இருக்கும் சுவரில் அழகு நிற்காது

எந்தப் பெயின்ட், எந்த டைல்ஸ் என்று பேசுவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து சுமார் மூன்று அடி உயரம் வரை சுவர் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், ஈரம் அடித்தளத்திலிருந்து ஏறுகிறது. மழைக்குப் பிறகு மட்டும் கூரை மூலையில் கறை விரிந்தால் மொட்டைமாடியைச் சோதியுங்கள். வெயில் காலத்திலும் ஒரே இடத்தில் நசநசத்தால், சுவரின் அந்தப் பக்கம் குழாய் கசிகிறது.

சந்தேகம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர் முத்துகள் படிந்தால், ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் படிந்தால், அறைக்காற்றில் ஈரம் மிகுதி. ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளிழுத்து, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன் மேல் கெட்டியான சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் ஏறினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் பூச்சைத் தள்ளும். சில ஆண்டுகளில் பூச்சு வயிறு தள்ளி உதிர்வது அதனால்தான். இத்தகைய சுவரைச் சுண்ணாம்புக் கலவையாலேயே பழுது பார்த்து, சுண்ணாம்பு அடிப்பது நல்லது. மர உத்தர வரிசைக்கு மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடாதீர்கள். ஒழுக்கும் கரையானும் கண்ணில் படாமல் உத்தரத்தைத் தின்றுவிடும்.

தரை: பழையதைப் பெயர்க்கத்தான் வேண்டுமா?

1970களிலும் 80களிலும் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் மொசைக் தரைதான். மங்கி, கறை படிந்து கிடப்பதைப் பார்த்து உடனே பெயர்க்கச் சொல்லாதீர்கள். மொசைக் என்பது சிமென்ட்டில் பளிங்குச் சில்லுகள் பதித்த தரை. மேல்பரப்பைச் சாணைக்கல் போட்ட மெஷினால் தேய்த்து, விரிசலில் நிறம் கலந்த வெள்ளை சிமென்ட் நிரப்பி, மேலும் நயமான கற்களால் மெருகேற்றினால் புதிதாக எழும்பி வரும். உடைப்பும் குப்பை அள்ளுவதும் இல்லை, தரைமட்டமும் மாறாது. ஒரு மூலையில் நாலு சதுர அடியை மட்டும் தேய்த்துக் காட்டச் சொல்லி, பிறகு முடிவு செய்யுங்கள். தரை ஆங்காங்கே அமுங்கியிருந்தாலோ, தட்டினால் வெற்றோசை கேட்டாலோ மட்டும் பெயர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

புதிதாகப் போடுவதென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம் உண்டு.

விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. சுவருக்கென விற்கும் செராமிக் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலும் உறிஞ்சும். அதைத் தரையில் போடக்கூடாது. ஹாலுக்குப் பளபளப்பு பரவாயில்லை. வயதானவர்கள் நடமாடும் வீட்டில் மேட் ரகமே மேல்.

கிரானைட் கறைக்கும் அமிலத்துக்கும் அசையாது. சமையல் மேடைக்கும் வாசற்படிக்கும் அதை வெல்ல ஒன்றில்லை. மார்பிள் பார்வைக்குக் குளுமை. ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சையும் புளிக்கரைசலும் பட்ட இடம் மெருகு போய் மங்கிவிடும். நம் சமையலறைக்கு அது தோதுப்படாது.

ஆத்தங்குடி கல் சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் இன்றும் கையால் செய்யப்படுகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, பின்புறம் மணலும் சிமென்ட்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகமாகிறது. நடக்க நடக்க மெருகு கூடும். கையால் செய்ததால் கல்லுக்குக் கல் நிறம் சற்றே மாறும். அதைக் குறையாக நினைப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். பதித்த பிறகு வேறு வேலை எதையும் அந்த அறையில் வைக்கக்கூடாது. பெயின்ட் துளி உள்ளே இறங்கிவிடும். கழிவறைக்கு ஊற்றும் அமிலம் பட்டால் முகமே அரித்துப்போகும்.

சிவப்பு ஆக்சைடு தரையின் தரம் முழுக்க முழுக்க தேய்ப்பவர் கையில் இருக்கிறது. அந்த வேலை தெரிந்த ஆள் கிடைத்து, அவர் முன்பு போட்ட தரையை நேரில் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பெரிய அறையில் ஒரே பரப்பாகப் போட்டால் வெடிக்கும். கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

எத்தனை பெட்டி வாங்குவது?

கடைக்காரர் '2க்கு 2' என்று சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மி.மீ. சதுரம். அதாவது 4 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு கல் கொண்ட பெட்டி 15.5 சதுர அடிதான் வரும்.

12க்கு 10 அறைக்குக் கணக்குப் பார்ப்போம். தரை 120 சதுர அடி. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 132. சுவரோரம் நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் ஓட்ட, கதவு போக 41 அடி நீளம் வேண்டும். ஒரு கல்லில் ஐந்து பட்டை வெட்டலாம். ஆக 5 கல், சுமார் 19 சதுர அடி. மொத்தம் 151. பத்துப் பெட்டி தேவை. பதினொன்றாக வாங்கி, ஒரு பெட்டியைப் பரணில் போட்டுவையுங்கள். பின்னாளில் குழாய்க்காக நாலு கல்லை உடைக்க நேர்ந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. வாங்கும்போதும் எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றா என்று பார்த்தே இறக்குங்கள்.

சுவர்: பொறுமைதான் முதல் கோட்டிங்

புதிய சிமென்ட் பூச்சை ஏழு நாளாவது நனைத்துவர வேண்டும். அதன் பிறகு காய விட வேண்டும். பூசிய நாளிலிருந்து ஏறக்குறைய 28 நாள் போன பிறகு பட்டி பார்க்கத் தொடங்குவது பாதுகாப்பு. கிரகப்பிரவேச நாள் குறித்துவிட்டு, பத்தாம் நாளே பட்டி இழுத்த சுவர்கள்தான் அடுத்த மழைக்காலத்தில் பொருக்கு விடுகின்றன. பட்டி இரண்டு கோட்டிங் சேர்ந்து ஒன்றரை மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் பள்ளம் இருந்தால் அது பூச்சு வேலையில் சரி செய்ய வேண்டியது. பட்டியால் மறைத்தால் உதிரும்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சு உள்ள கதவு, ஜன்னல் கம்பிகளை நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வீட்டில் இருக்க வேண்டாம்.

நிறத்தைக் கடையின் அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையில் தெரியும் நிறம் நான்கு சுவரில் ஏறும்போது அழுத்தமாகிவிடும். சிறிய டப்பா வாங்கி, தரை பதித்த அறையின் இரண்டு சுவர்களில் இரண்டடிச் சதுரமாக அடித்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். 3000 கெல்வின் எல்.இ.டி. மஞ்சள் சாயலும் 6500 கெல்வின் நீலச் சாயலும் கூட்டும். ஆகவே பல்பை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு நிறத்துக்கு வாருங்கள்.

மரவேலை

ஒட்டுப்பலகை வாங்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுப் பலகை. படுக்கையறை அலமாரிக்குப் போதும். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளை. சிங்க்கின் அடிப்பகுதி, குளியலறைப் பக்கத்துச் சுவர் போன்ற இடங்களுக்கு அதுதான். எம்.டி.எஃப். பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். வெட்டிய ஓரம் ஒவ்வொன்றிலும் எட்ஜ் பேண்ட் ஒட்டியிருக்க வேண்டும். ஈரமும் பூச்சியும் நுழைவது அந்த ஓரம் வழியாகத்தான். கடலோர ஊர்களில் கீலும் ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

பழைய தேக்குக் கதவு வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போடும் முன் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பல அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் மரம் இன்று வாங்கப்போகும் மரத்தைவிட முதிர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வேலை எவ்வளவு முடிந்தது?

"எழுபது பர்சன்ட் முடிஞ்சிடுச்சு" என்ற பேச்சை நம்பித் திட்டமிடாதீர்கள். உடைப்பும் டைல்ஸும் கண்ணுக்குத் தெரியும். குழாய் அழுத்தச் சோதனை, பூச்சுக் காய்தல் போன்ற நாட்களில் வீடு அப்படியே கிடப்பதாகத் தோன்றும். வீட்டின் ஆயுள் அந்த நாட்களில்தான் தீர்மானமாகிறது. எனவே முன்னேற்றத்தைச் சதவீதத்தில் அளக்காமல், மூடும் வேலைக்கு முந்தைய ஐந்து சோதனைகளால் அளந்துகொள்ளுங்கள்.

1. காடி மூடும் முன்: எல்லாச் சுவரையும், பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுங்கள். நாளை ஆணி அடிக்கும்போது ஒயர் எங்கே என்று இந்தப் படம்தான் சொல்லும். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் விட்டு, அளவுமானி இறங்கவில்லை என்று பாருங்கள்.

2. குளியலறை டைல்ஸுக்கு முன்: நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் வையுங்கள். கீழ்வீட்டுக் கூரையையும் பக்கத்துச் சுவரையும் போய்ப் பாருங்கள்.

3. பட்டிக்கு முன்: ஆறடி மட்டக்கோலைப் பூச்சின் மேல் பல திசையிலும் வைத்து, பின்னால் வெளிச்சம் தெரியும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். மூலைகளுக்குத் தூக்குக்குண்டு போதும்.

4. கிரவுட் அடைக்கும் முன்: ஒவ்வொரு கல்லையும் குச்சியால் தட்டுங்கள். வெற்றோசை கேட்டால் அந்தக் கல்லை அன்றே எடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள். குளியலறைத் தரைக்கு மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் வடிகாலுக்கு ஓட வேண்டும்.

5. கடைசிப் பெயின்ட் கோட்டிங்குக்கு முன்: இரவில் டார்ச்சைச் சுவரோடு சுவராகப் பிடியுங்கள். மேடு பள்ளம் நிழலாக விழும்.

இதோடு சனிக்கிழமைதோறும் நோட்டில் மூன்று பத்தி எழுதுங்கள்: இந்த வாரம் எது முடிந்தது, அடுத்த வாரம் எது தொடங்குகிறது, அதற்கு நான் தர வேண்டிய பொருளும் முடிவும் எவை. மூன்றாவது பத்திதான் முக்கியம். வேலை தடைப்படும் நாட்களில் பாதிக்கு ஆள் வராதது காரணம்; மீதிக்கு வீட்டுக்காரர் சொல்லாத பதில் காரணம்.

பணத்தையும் இந்தச் சோதனைகளோடு கட்டிவிடுங்கள். முதல் சோதனை தேறினால் முதல் தவணை என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டால் மனக்கசப்பு வராது. பழைய வீட்டில் உடைத்த பிறகுதான் தெரியும் வேலைகள் எப்போதும் இருக்கும். மொத்தச் செலவில் 15 சதவீதத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தப் பணத்தை மேலான டைல்ஸுக்குத் திருப்பிவிடும் ஆசை கடைக்குப் போகும்போது நிச்சயம் வரும்; இடம் கொடுக்காதீர்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மொட்டைமாடி வேலையும் வெளிப்பூச்சும் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியதும் உடைப்பைத் தொடங்கினால், கோடைக்குள் பூச்சு காய்ந்து, ஆனி ஆடிக்குள் உள்வேலை முடியும். கோடையில் பூசும் சுவருக்கு வெயில் ஏறும் முன்னும் மாலையும் தண்ணீர் காட்டத் தனியே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தை முகூர்த்தத்துக்காக மார்கழியில் பெயின்ட் அடிப்பது இருவகையிலும் இடைஞ்சல்: மழை குடித்த சுவர் இன்னும் காய்ந்திருக்காது, நல்ல பெயின்ட்டரும் எளிதில் கிடைக்க மாட்டார்.

சாவியை வாங்கும் நாளில்

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு விளக்கைச் செருகிப் பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே துண்டிக்க வேண்டும். கதவு, ஜன்னல், இழுப்பறை அனைத்தையும் திறந்து மூடுங்கள். பெயின்ட் நிற எண், டைல்ஸ் பேட்ச் எண், குழாய்களின் உத்தரவாதச் சீட்டு, சுவர்ப் படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போடுங்கள். கடைசி 10 சதவீதத் தொகையை ஒரு நல்ல மழை பெய்து முடிந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், மேஸ்திரி தாமாகவே வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போவார்.